பை வேண்டாம், சம்பளம் கொடுங்கள்

தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கக் கிளம்புகிறவர்களில் கொஞ்சம் விவரமானவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நான் நூறு ரூபா கொடுத்தா அதுல எவ்வளவு பிள்ளைக்குப் போய்ச் சேரும்?" கேட்கும் குரலில் ஒரு கறார் இருக்கும். அந்தக் கறாரில் தப்பில்லை. பெயர்ப்பலகையை மட்டும் மாட்டி வசூல் பண்ணுகிறவர்களையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. அன்னதானத்துக்கு இந்தக் கேள்வி பொருந்தும். அரிசி இத்தனை, எண்ணெய் இத்தனை, சமையல்காரர் கூலி இத்தனை, மிச்சம் எங்கே என்று கேட்டு மடக்கலாம். ஆனால் வடசென்னை வியாசர்பாடியில் ஒரு பதினான்கு வயதுப் பையனோடு வாரம் தவறாமல் போய் உட்காரும் ஓர் அண்ணனையோ அக்காவையோ வேலைக்கு வைத்திருக்கும் அமைப்பிடம் இதையே கேட்டால், பதில் சொல்கிறவர் திணறிப் போவார். அங்கே பிள்ளைக்குக் கொடுக்கப்படுவதே அந்த அண்ணன்தான். அவர் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று ஒதுக்கிவிட்டால், பிள்ளைக்குப் போனதாகக் காட்ட மிஞ்சுவது சாயங்காலச் சுண்டலும் நாலு ஸ்கெட்ச் பேனாவும்.

இந்தக் கேள்விக்குப் பயந்தே பல அமைப்புகள் கொடுப்பவருக்குப் பிடித்ததைக் காட்டப் பழகிவிட்டன. ஜூனில் ஸ்கூல் பேக், தீபாவளிக்குத் துணி, மழைக்குப் போர்வை, யாராவது பிறந்தநாள் கொண்டாட வந்தால் பிரியாணியும் கேக்கும். படம் எடுக்க வசதியான சமாச்சாரங்கள். அரசுப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் அரசே தருகிறது. பஸ் பாஸ் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளில் இருக்கிறது. விளைவு, கொருக்குப்பேட்டையில் ஒரே வீட்டில் ஒரே ஆணியில் நாலு பை தொங்கும். ஒன்றில் வெங்காயம் போட்டு வைத்திருப்பார்கள். பைக்குச் சொந்தக்காரன் மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் பக்கமே போயிருக்க மாட்டான்.

ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏரியாவில் வீடு வீடாகப் போகிற பணியாளருக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். தாராளம் என்று சொல்ல முடியாது. கிண்டிப் பக்கம் டெலிவரி வண்டி ஓட்டுகிற பையன் ஓடியாடி உழைத்தால் இதைத் தாண்டிவிடுவான். பி.எஃப். பிடிக்கும் அமைப்பாக இருந்தால், 15,000 ரூபாய் உச்சவரம்பின்மேல் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் நிறுவனத்தின் பங்கு. சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும் உண்டு, நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். சில்லறைக் கட்டணங்கள் சேர்த்து 20,500 என்று வையுங்கள். பெட்ரோல், போன் 1,800. ஐந்து பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர், அவர் சம்பளம் 28,000 என்றால் ஒருவருக்கு விழும் பங்கு 5,600. மாலையில் பிள்ளைகள் உட்காரும் இடத்தின் வாடகை, கரண்ட் பில்லில் பங்கு 2,000. மொத்தம் முப்பதாயிரத்துக்கு ஒரு நூறு ரூபாய் குறைச்சல்.

ஒருவரால் எத்தனை பிள்ளைகளைப் பார்க்க முடியும்? பள்ளி விட்டு, டியூஷன் முடிந்து, வீட்டில் ஆள் இருக்கும் நேரம் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை. ஒரு நாளுக்கு ஐந்து வீடு, வாரத்துக்கு ஐந்து நாள், இருபத்தைந்து பிள்ளைகள். நாற்பதாக்கினால் பேச்சுப் போய் அட்டெண்டன்ஸ் எடுப்பதாகிவிடும், "நல்லாப் படிக்கிறியா?" "படிக்கிறேன்ணா", அவ்வளவுதான். இருபத்தைந்தால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,200 ரூபாய், வருடத்துக்கு 14,400. பிறந்தநாளுக்கு ஐம்பது பிள்ளைகளுக்கு 120 ரூபாய் வீதம் பிரியாணி போட்டால் 6,000 ஆகிறது. அது ஒரு பிள்ளைக்கு ஐந்து மாதம் ஓர் அண்ணன் வந்துபோகும் காசு. பிரியாணியைப் பழிக்கவில்லை. ஆனால் "நிர்வாகச் செலவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது" என்று நிபந்தனை போட்டுவிட்டு, இளைஞர்களுக்கு வழிகாட்டுங்கள் என்று கேட்பது, டாக்டர் ஃபீஸ் தரமாட்டேன், மாத்திரைக்கு மட்டும்தான் காசு என்று சொல்வதைப் போல.

நோட்டில் ஒரு பக்கம்

நன்றாக நடக்கும் அமைப்பில் ஒவ்வொரு பணியாளரிடமும் ஒரு நீள நோட்டு இருக்கும். போன தேதி, நேரம், வீட்டில் யார் இருந்தார்கள், என்ன பேச்சு, அடுத்து என்ன செய்ய வேண்டும். பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும். செவ்வாய், 6.40: ஆயா மட்டும் இருந்தார், அம்மா விடியற்காலை மீன் எடுக்கக் காசிமேடு போய்விட்டு வந்து தூக்கம், பையன் மூன்று நாளாகப் பள்ளிக்கு இல்லை, காரணம் சொல்லவில்லை. புதன், 7.10: பையனைக் கேரம் கிளப்பில் பிடித்தேன், முடி வெட்டிக்கொண்டு வராவிட்டால் உள்ளே வராதே என்று பி.டி. சார் சொன்னாராம், முடியை வெட்ட இவனுக்கு மனசில்லை, அம்மாவிடம் சொல்லப் பயம். வியாழன்: சலூன், 100 ரூபாய், ஓரம் மட்டும் எடுத்தோம். வெள்ளி: பள்ளிக்குக் கூடவே போய் சாரிடம் பேசினேன்; உட்கார வைத்தார்கள்.

நூறு ரூபாய், நாலு நாள், ஒரு முடிவெட்டு. ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு வரி இடம் கிடையாது. ஆனால் வடசென்னையில் பள்ளியை விட்டு நிற்கும் பையன்களின் கதை பெரும்பாலும் இப்படி அற்பமான ஒன்றில்தான் ஆரம்பிக்கும். மூன்று நாள் மூன்று வாரமாகும். அதற்குள் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் கேட்டரிங் வேலைக்கு யாராவது கூப்பிடுவார்கள். ராத்திரிக்குக் கையில் காசு, சாப்பாடும் உண்டு. கையில் காசு பார்த்தவனை ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் திரும்ப உட்கார வைப்பது நாலு நாள் வேலையாக இருக்காது. சினிமா பார்த்துவிட்டு வருகிற நன்கொடையாளர்கள் கத்தியிலிருந்து காப்பாற்றப்பட்ட பையனின் கதையைக் கேட்கிறார்கள். முடிவெட்டுக் கதையில் அவர்களுக்குச் சுவாரசியம் இல்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னைப் பெண். கேரம், ஃபுட்பால், பாக்ஸிங் என்று தெருவுக்கு ஒரு கோச் இங்கே ஏற்கெனவே இருக்கிறார். வழிகாட்டுகிற அண்ணனுக்கு இங்கே பஞ்சமில்லை. சம்பளத்தோடு, நோட்டோடு, மேலே கேட்க ஓர் ஆளோடு அதைச் செய்ய விடுவதற்குத்தான் பஞ்சம்.

நோட்டின் பின்பக்கம் குடும்பத்துக்கு. அங்கே பாதி இடத்தைக் காகிதச் சிக்கல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, டி.சி.யில் வேறு மாதிரி, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற தகராறு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்காவிட்டால் வராது. வீட்டில் சம்பாதிக்கிறவர் போய்ச் சேர்ந்துவிட்டால், மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். விதவை, கைவிடப்பட்ட தாய், உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளை ஆகியோருக்கு. நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000-க்குள் இருக்க வேண்டும். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, பாஸ்புக் என்று கேட்பார்கள். புருஷன் செத்துப்போனவளுக்காவது ஒரு சான்று இருக்கிறது. விட்டுவிட்டு ஓடிப்போனவனின் மனைவியிடம் என்ன சான்று இருக்கும்? அந்த இடத்தில்தான் மனு நின்றுபோகும். பணியாளர் நாலு தடவை அலைந்து அதை நகர்த்திவிட்டால், வருடத்துக்கு 48,000 ரூபாய் அந்த வீட்டுக்கு வரும். எந்த அரிசி மூட்டை இதற்கு ஈடு?

தண்டலும் அதே பின்பக்கத்தில்தான் வரும். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வசூல். மீன் கூடைக்காரம்மாவுக்கு முதலீடே இதுதான். நன்கொடைப் பணத்தில் இந்தக் கடனை அடைக்கக் கூடாது என்பது அனுபவஸ்தர்களின் விதி. அடைத்த மறுவாரமே புதிதாக ஒன்று எடுத்திருப்பார்கள். தண்டல்காரருக்கும் நிறுவனம் ஒரு ஜாமீன்போலத் தெரிய ஆரம்பித்துவிடும். மகளிர் குழுவில் சேர்த்துவிடுவது மெதுவான வழி, ஆனால் நிற்கிற வழி.

அறுபத்தொரு நாள்

கொடுப்பவரின் காலண்டரும் வாங்குபவரின் காலண்டரும் எங்கே விலகுகின்றன என்பதுதான் எனக்கு விடாமல் உறுத்துகிற விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும். சும்மா இருப்பது படகில் போகிறவர் மட்டுமல்ல; ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், வண்டி இழுப்பவர், மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மா எல்லோருக்கும் வரும்படி சுருங்கிவிடும். அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அறுபத்தொன்றால் வகுத்தால் நாளைக்கு 131.

பள்ளிக்கூட விடுமுறை விழுவதும் கிட்டத்தட்ட இதே நாட்களில்தான். வீட்டில் காசில்லை, பையன் சும்மா இருக்கிறான், மேயில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிறது. ஒரு பாடத்தில் போய்விட்டால், "அவ்ளோதான், இனிமே வேலைக்குப் போவட்டும்" என்று வீடே முடிவுகட்டிவிடும். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே இருக்கிறது, தேறிவிட்டால் அந்த வருடமே பதினொன்றில் சேரலாம் என்பதை அந்த வாரத்தில் யாராவது வந்து சொல்லியாக வேண்டும். விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள். பையன் போனை அணைத்துவிட்டு எண்ணூர்ப் பக்கம் மாமா வீட்டில் இருப்பான். தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, பள்ளியில் விண்ணப்பம் போட்டு, அந்த ஒரு பாடத்துக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுக்க ஆள் பார்க்க வேண்டும். வருடம் முழுவதும் வீடு வீடாகப் போனதெல்லாம் இந்த ஒரு வாரத்துக்குத்தான் என்றுகூடச் சொல்வேன். அம்மா கதவைத் திறந்து "வா தம்பி, நீயே கேளு அவன" என்று உள்ளே விடுகிறார் என்றால், அது அதற்கு முந்தைய நாற்பது செவ்வாய்க்கிழமைகளின் சம்பாத்தியம்.

நன்கொடை எப்போது வருகிறது? மார்ச் கடைசி வாரத்தில், வரிக்காக. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணமும் அப்போதுதான் அவசர அவசரமாக வரும், அதுவும் இன்ன பொருள் வாங்க என்று முத்திரை குத்தி. அடுத்து ஜூனில் பைகளோடு வருவார்கள். நடுவில் ஏப்ரல், மே என்று சம்பளம் தள்ளிப்போகும் இரண்டு மாதம். கல்லூரி முடித்த பணியாளர் வேறு வேலை தேடிக்கொண்டு விலகுவதும் அப்போதுதான். அதாவது, பையன் நழுவும் அதே வாரத்தில் அவனைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நழுவிவிடுகிறார். ஜூனில் புது அண்ணன் வருவார், முதல் செவ்வாயிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

பாதியில் விலகும் அண்ணன், வராமலே இருந்த அண்ணனைவிட மோசம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1904-இல் நியூயார்க்கில் வேர்விட்ட பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் இயக்கத்தை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 1995-இல் வெளியானது. 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் உடனே ஒரு பெரியவரைத் துணை வைத்து, பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தார்கள். துணை கிடைத்தவர்கள் போதைப் பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவு, பள்ளிக்கு மட்டம் போடுவது பாதிக்குப் பாதி. இந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தரவை மறுபடி அலசி 2002-இல் வந்த முடிவை அவ்வளவாகக் காட்டுவதில்லை: ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம், மிகச் சீக்கிரம் அறுந்த உறவுகளில் பிள்ளையின் தன்மதிப்பு முன்பைவிடக் கீழே போனது. ஏற்கெனவே ஒருவர் விட்டுப்போன வீட்டில் இன்னொருவரும் விட்டுப்போனால் வேறென்ன ஆகும்?

அதனால் மூன்று மாதம் வாரக் கடைசியில் வந்து வழிகாட்டுகிறேன் என்று பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகளிலிருந்து வரும் நல்ல மனசுக்காரர்களைச் சில அமைப்புகள் பிள்ளையோடு நேராகச் சேர்ப்பதில்லை. அது சரி என்றே நினைக்கிறேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபிறகு திருவொற்றியூருக்கு வருவது சுலபமாகிவிட்டது; ஆனால் ஒரு பெரிய மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கியதும் வியாசர்பாடிப் பக்கம் பாதிப் பேர் வரவு நிற்கும். அவர்களை இங்கிலீஷ் பாடத்துக்கோ, கல்லூரி விண்ணப்பம் நிரப்பவோ, கணக்கு எழுதவோ வைத்துக்கொள்ளலாம். போலீஸ் சரிபார்ப்பு இல்லாத யாரையும் பிள்ளையோடு தனியறையில் விடாத அமைப்பா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விதியைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் வராமலிருப்பதே நல்லது.

பணம் போகும் வழி

ட்ரஸ்ட் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். செயலாளரின் சொந்த ஜிபே நம்பர் கொடுத்தால், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், வேண்டாம். வரிச் சலுகைக்கு, அமைப்புக்கு வருமான வரித் துறையின் 80ஜி பதிவு இருக்க வேண்டும். பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைதான் கழியும், அதுவும் வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. ரசீது மட்டும் போதாது. நிறுவனம் அடுத்த மே 31-க்குள் 10பிடி படிவத்தில் உங்கள் பெயரையும் பான் எண்ணையும் ஏற்றி, 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் ரிட்டர்னில் இடிக்கும். ஆகவே பணம் அனுப்பும் அன்றே பான் கார்டில் உள்ளபடி பெயரை அனுப்பிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன, 80ஜி, 10பிடி என்ற பழைய பெயர்கள் மட்டும் பேச்சில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. இன்றைக்குச் சம்பளக்காரர்கள் பலர் அந்த முறைக்குப் போய்விட்டதால், மார்ச் மாதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஏப்ரலில் கொடுக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. கார்டு இருந்தாலும், வெளிநாட்டவர் கணக்கு. அந்தப் பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் பதிவு உள்ள அமைப்புதான் வாங்க முடியும், அதுவும் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில். பதிவு இல்லாத சின்ன ட்ரஸ்டுக்கு அத்தை ஆசையாக அனுப்பிய இருபதாயிரம், அந்த ட்ரஸ்டைச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நூறில் எத்தனை என்று கேட்பதற்குப் பதில் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. ஒருவருக்கு எத்தனை பிள்ளை. போன ஜூனில் இருந்த அண்ணன், அக்காக்களில் எத்தனை பேர் இந்த ஜூனிலும் இருக்கிறார்கள். ஒருவர் வேலையை விட்டால் பிள்ளையிடம் யார் சொல்வது, அவரே நேரில் வந்து விடைபெறுகிறாரா. வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ போய்விட்ட குடும்பத்தை என்ன செய்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் என்ன வேலை நடக்கிறது. கடைசிக் கேள்விக்கு "சம்மர் கேம்ப், பத்து நாள்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளையின் முகம் தெரிகிற படம் கேட்காதீர்கள். வழக்கிலோ பாதுகாப்பு நடவடிக்கையிலோ இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. கேட்டதும் அனுப்புகிற அமைப்பு என்றால் அதுவே ஒரு பதில்.

கொடுப்பதை மாதாமாதமாக, எதற்கு என்று முத்திரை குத்தாமல், மூன்று வருடத்துக்குக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தால் பதினொன்று முடியும் வரை. ஒரு பிள்ளைக்கு முழுசாக 1,200 முடியாவிட்டால் 300. நாலு பேர் சேர்ந்தால் ஒரு பிள்ளைக் கணக்கு. வங்கியில் ஆட்டோ டெபிட் போடும்போது தேதியை ஐந்திலிருந்து ஏழுக்குள் வையுங்கள். முப்பதாம் தேதி போட்டால் கணக்கில் பணம் இருக்காது, திரும்பிப்போனதற்கு வங்கி உங்களிடமே அபராதம் பிடிக்கும். கார்டு மூலம் போட்டிருந்தால் கார்டு காலாவதியாகும் மாதத்தில் சத்தமில்லாமல் நின்றுபோகும். வேலை மாறிச் சம்பளக் கணக்கு மாறினாலும் அப்படியே. நிறுவனத்தில் கூப்பிட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள், நீங்களும் போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைத்திருப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மெண்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், மார்ச்சிலேயே. நிறுத்த வேண்டிவந்தால் மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஜூலையில் நிறுத்தினால்கூடச் சமாளித்துக்கொள்வார்கள், மே மாதத்தில் மட்டும் வேண்டாம்.